சூடிக்கொடுத்த நாச்சியாரின் சரித்திரமும் சாய்கொண்டையும்

சென்ற சில ஆண்டுகளாக நமது இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடைபெறும் விவாகங்களுக்குச் சென்று வருவோர் ஒரு விஷயத்தைக் கண்டிருப்பர். மணவறையில் வந்து அமரும் பெண்ணின் தலையில், பின்னித் தொங்கவிட்ட ஜடைக்குப் பதிலாக, ஒருபுறம் சாய்த்து முடிந்து மலர் சுற்றிய பெருங்கொண்டை விளங்குகின்றது. வீட்டு மாதரிடையே வெகுகாலமாக அருகிக் கிடந்த அம்முடிப்பு, இப்பொழுது புது நாகரிகம் என்ற பெயருடன் திரும்பி வந்திருக்கின்றது. ஆண்டாள் கொண்டை என்று கேட்டால் எந்த ஊர் அலங்காரக்காரரும் உடனே அறிந்து கொள்கின்றனர். நிச்சயதார்த்தத்திற்கு ஒன்று, முகூர்த்தத்திற்கு ஒன்று, வரவேற்பிற்கு ஒன்று என மூன்று சிகையலங்காரம் கேட்கும் பெண்களும், அவற்றுள் ஒன்று இதுவாக இருத்தல் வேண்டுமென விரும்புகின்றனர்.

இதைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களில் இருவகைப் பேச்சு எழுந்திருக்கின்றது. தெய்வத்திற்குரிய கோலத்தைக் கூலி கொடுத்து ஒருநாள் வேஷமாகப் புனைதல் தகாது என்பார் ஒரு சாரார். கத்தரித்த தலையுடன் மணவறை ஏறுவதைக் காட்டிலும் இது எத்தனையோ மேல் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அக்கொண்டைக்கு உரியவளின் சரித்திரத்தைச் சற்றே மறந்து பேசுவதாக நமக்குத் தோன்றுகின்றது. ஆதலின் அச்சரித்திரத்தை இங்கே சுருக்கி எழுதத் துணிந்தோம். அதனுள் கூந்தலும் மலரும் படும் பாடு, நாம் பொதுவாக நினைப்பதைவிட மிகப் பெரிது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். நாச்சியாருக்குத் தந்தையார் இட்ட பெயர் கோதை. இச்சொல்லுக்கு மாலை என்பது ஒரு பொருள். பெண்களின் கூந்தல் என்பது மற்றொரு பொருள். பெண் என்பதும் ஒரு பொருள். பின்னாளில் அவள் வாழ்வில் நடந்தது முழுவதும் இம்மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிட்டது. ஆண்டாள் என்பதும், சூடிக்கொடுத்த நாச்சியார் என்பதும் உலகம் பிற்பாடு அளித்த பெயர்கள்.

ஊரின் வரலாறு யாவரும் அறிந்ததே. மல்லி என்னும் அரசியின் மக்களாகிய வில்லி, கண்டன் என்ற வேட்டுவச் சகோதரர் இருவர் காட்டில் வேட்டையாடச் சென்றனர் என்றும், கண்டன் புலியால் மாண்டான் என்றும், துயருற்று மரத்தடியில் உறங்கிய வில்லியின் கனவில் எம்பெருமான் தோன்றி அவ்விடத்தைத் திருத்தி ஊராக்கப் பணித்தான் என்றும் தலபுராணம் கூறும். காடு திருத்திய வேட்டுவன் பெயரே ஊர்ப் பெயராக நின்றது. அவ்வூரின் ஆலிலைமேல் துயில் கொள்ளும் வடபத்திரசாயிக்குத் துளசியும் மலரும் வளர்த்து, மாலை தொடுத்துச் சாற்றுவதையே தமது பிறவிப் பயனாகக் கொண்டிருந்தவர் விஷ்ணுசித்தர். அவரை உலகம் பெரியாழ்வார் என்று அறியும்.

விஷ்ணுசித்தர் வெறும் தோட்டக்காரர் அல்லர். பாண்டியன் ஸ்ரீவல்லபனது சபையில், செல்வநம்பி என்ற மந்திரியின் முயற்சியால் கூட்டப்பெற்ற பண்டிதர் கூட்டத்தில், பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றார் என்றும், யானை மீதேற்றி மதுரை வீதிகளில் வலம் வரச் செய்யப்பெற்றார் என்றும், அங்கே திருப்பல்லாண்டு பாடினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அத்தனை மரியாதையும் பெற்ற பின்னர் அவர் மதுரையில் தங்கவில்லை. பொருளைக் கோயில் கைங்கரியத்திற்கு ஆக்கிவிட்டுப் பழையபடி பூக்குடலையை எடுத்துக் கொண்டார்.

அவர் பாடிய பாசுரங்கள் 473. அவற்றுள் கண்ணனைக் குழந்தையாக்கித் தாம் யசோதையாக நின்று பாடியவை மிகப் பல. நமது விஷயத்திற்கு வேண்டிய ஒன்றை மட்டும் இங்கே குறிப்போம். குழந்தைக்குத் தலை வார வேண்டும், குழந்தை நிற்காது, அதற்கு வேடிக்கை காட்டக் காக்கையைக் கூவி அழைக்கின்றாள் தாய். இதற்கென்றே ஒரு பதிகம் உளது. பிறிதொரு பதிகத்தில், ஆநிரை மேய்க்க ஓடாமல் நின்று செண்பகமும் மல்லிகையும் இருவாட்சியும் சூட்டிக்கொள்ள வருமாறு கண்ணனைக் கெஞ்சுகின்றாள். தலை வாருதலும் பூச்சூட்டலும் ஆகிய இரு சிறு காரியங்களைப் பாட்டுக்குப் பொருளாக்கிய அப்பெரியவர் வீட்டில் ஒரு பெண் வளர்ந்தாள் என்பதை நினைவில் வைத்துக் கொண்டால், பின்னர் நிகழ்ந்தது வியப்பாகத் தோன்றாது.

ஆடி மாதத்துப் பூர நன்னாளில், நந்தவனத்தில் துளசிச் செடியின் அருகே, விஷ்ணுசித்தர் ஒரு பெண் குழவியைக் கண்டெடுத்தார். பெற்றோர் இன்னார் என்று சரித்திரம் கூறவில்லை. பூமிப்பிராட்டியே அவ்வாறு தோன்றினாள் என்பது வைஷ்ணவர் கொள்கை. எவ்வாறாயினும், குலமும் கோத்திரமும் கேளாமல் ஒரு பெரியவர் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக் கொண்டார். குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நம்மைப் போன்ற சங்கத்தார் இந்த ஓரிடத்தில் சற்று நின்று போதல் நன்று.

கோதை வளர்ந்தாள். தந்தை வைகறையில் மலர் கொய்து மாலை கட்டி வைத்து, நித்திய கருமங்களுக்குச் செல்வார். அவர் திரும்பி வருமுன் மகள் அம்மாலையை எடுத்துத் தன் குழலில் சூடிக் கொள்வாள். பெருமானுக்குத் தான் இசைந்தவள்தானா என்று நீரில் நிழல் பார்ப்பாள். மீண்டும் கழற்றிக் கூடையில் வைத்துவிடுவாள். அவள் முகம் பார்த்த கிணறு என்று இன்றும் ஆண்டாள் சந்நிதியில் ஒரு கிணற்றைக் காட்டுகின்றனர். கண்ணாடிக் கிணறு என்பது அதன் பெயர்.

இக்காரியம் எத்துணைப் பெரிய பிழை என்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியே விளக்க வேண்டியிருக்கின்றது. தெய்வத்திற்கு எடுத்த மலரை மோந்து பார்த்தாலும் அது ஆகாததாகிவிடும் என்பது நம் முன்னோர் கொண்ட ஆசாரம். மாலை தொடுப்போர் தலைமயிர் விழாவண்ணம் காத்துக் கொள்வர். அப்படியிருக்க, ஒருவர் சூடிக் கழித்த மாலை ஆலயத்தின் வாயிலையும் மிதிக்கத் தகாது. ஒருநாள் மாலையில் நீண்ட மயிரிழை ஒன்று சிக்கியிருக்கக் கண்டு விஷ்ணுசித்தர் திடுக்கிட்டார் என்பது கர்ணபரம்பரையாக வழங்கி வரும் கதை. மகள் சூடி நிற்பதை அவர் நேரிற் கண்டார் என்றும் கூறுவர். எவ்வாறு அறிந்தாராயினும், அவர் அன்று அம்மாலையைக் கொண்டு செல்லவில்லை. மகளைக் கடிந்து கொண்டார். கைங்கரியம் தடைப்பட்டதே என்று நெஞ்சு புழுங்கினார். பாண்டியன் சபையில் பண்டிதரை வென்றவர் ஓர் இழை மயிரின் முன் தோற்று நின்றார்.

அன்றிரவு எம்பெருமான் அவர் கனவில் தோன்றி, மாலை வாராத காரணத்தை வினவினான் என்றும், அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது, வேறு மாலை வேண்டா என்று பணித்தான் என்றும் சரித்திரம் கூறும். விஷ்ணுசித்தருடைய பெருமை, பொற்கிழி பெற்ற அன்று காணப்பட்டதைக் காட்டிலும் மறுநாட் காலையிலேயே மிகுதியாகக் காணப்பட்டது என்பது நமது எண்ணம். முந்திய நாள் பிழையென்று தாமே ஒதுக்கியதை அவர் கையாலேயே எடுத்துச் சென்று சாற்றினார். தாம் ஆயுள் முழுவதும் காத்த ஆசாரத்தைக் காட்டித் தெய்வத்தோடு வழக்காடவில்லை. மகள் அதுமுதல் வெளிப்படையாகச் சூடினாள். தந்தை அதனை வாங்கிக் கொண்டு போனார்.

இது நிற்க. நாச்சியார் அருளிச் செய்தவை இரண்டு. திருப்பாவை 30 பாசுரங்கள். நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள். ஆக 173. பன்னிரு ஆழ்வார்களுள் பெண் இவள் ஒருத்தியே. இப்பாசுரங்களைக் கூந்தலும் மலரும் என்ற கண்கொண்டு பார்த்தால் ஒரு நயம் புலப்படும்.

திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலேயே, மலர் சூடுவதில்லை, மையிடுவதில்லை, நெய்யும் பாலும் உண்பதில்லை என்று ஆயர் சிறுமியர் விரதம் ஏற்கின்றனர். தெய்வத்தின் மாலையை முன்னதாகவே சூடிப் பார்த்த பெண், நோன்பு என்று வந்தவுடன் மலரையும் துறந்தாள்! ஆயின் பதினெட்டாம் பாசுரத்திலும் பத்தொன்பதாம் பாசுரத்திலும் இச்சிறுமியர் சென்று எழுப்புகின்ற நப்பின்னையின் கூந்தல் மணம் கமழ்வதாகவும், கொத்துக் கொத்தாக மலர் அணிந்ததாகவும் வருணிக்கப்படுகின்றது. தாம் வெறுந்தலையாக நின்று கொண்டு, மணாளனுடன் வாழ்பவளின் பூங்குழலைப் புகழ்கின்றனர். அவ்வளவில் ஓர் ஏக்கம் சொல்லாமலே சொல்லப்பட்டு விடுகின்றது. பின்னர் இருபத்தேழாம் பாசுரத்தில், கூடாரை வெல்லும் கோவிந்தனைப் பாடிப் பெற்ற பரிசாக, கைவளையும் தோள்வளையும் காதணியும் காலணியும் புத்தாடையும் பூண்டு, நெய் முழங்கை வழியப் பாற்சோறு உண்போம் என்று விரதம் நிறைவெய்துகின்றது. கூடாரவல்லி என்று நம் வீடுகளில் அக்காரவடிசில் செய்வது இதனைப் பற்றியே.

நாச்சியார் திருமொழியில் ஆறாம் பதிகம் திருமணக் கனவு. ஆயிரம் யானை சூழ மணமகன் வருவதும், புத்தாடை உடுத்தி மணமாலை சூட்டுவதும், கைப்பற்றித் தீவலம் வருவதும் முறைப்படி கூறப்பட்டுள்ளன. வைஷ்ணவர் இல்லங்களில் விவாக காலத்தில் இதனை ஓதும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் கனவு கண்டவளுக்கு விழித்த பின் அது கிட்டவில்லை. பின்வரும் பதிகங்களில் மேகத்தையும் குயிலையும் சங்கையும் விளித்துப் புலம்புகின்றாள். பதின்மூன்றாம் பதிகத்தில் உடல் மெலிந்து கிடந்த நிலையில், அவன் சூடிய குளிர்ந்த துழாயைக் கொணர்ந்து, நெறிப்புடைய தன் மெல்லிய குழல்மேல் சூட்டுமாறு அருகில் இருப்போரை வேண்டுகின்றாள். முன்பு தன் குழலிற் சூடிய மாலையை அவனுக்குக் கொடுத்தவள், இப்பொழுது அவன் சூடிய துழாயைத் தன் குழலுக்குக் கேட்கின்றாள். இந்த மாற்றத்தை அறிந்து படிக்கும்போது நமக்கு உண்டாகும் உருக்கம், இத்தனை நூற்றாண்டு கழிந்தும் குறையவில்லை. தன் கூந்தல் எத்தகையது என்று அவளே கூறியதும் இவ்விடத்தில்தான்: நெறித்தது, மென்மையானது.

மகளுக்கு மணப்பருவம் வந்தபோது, மானிடர்க்கு வாழ்க்கைப்படுவதில்லை என்று அவள் உறுதி கூறினாள். தந்தை நூற்றெட்டுத் திருப்பதிப் பெருமான்களின் பெருமையைக் கூறக் கேட்டு அரங்கனிடமே அவள் மனம் நின்றது. அரங்கன் ஆணைப்படி பல்லக்கு வந்தது. பாண்டியன் வழியெல்லாம் அலங்கரித்தான். கோதை ஸ்ரீரங்கம் சேர்ந்து, பெருமானருகே சென்று ஒன்றிவிட்டாள் என்று சரித்திரம் முடிகின்றது. விஷ்ணுசித்தர் தனியே ஊர் திரும்பினார். அந்தத் திரும்பிய வழியைப் பற்றி நூல்கள் அதிகம் கூறுவதில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய தகப்பன்மார் நம்மிடையே பலர் இருப்பதால், நாமும் அதனை விரிக்காது விடுவோம்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி உதித்ததும் வியாழன் மறைந்ததும் குறிக்கப்பட்டிருப்பதைக் கொண்டு கணித்து, கி.பி. 731 என்று கூறிய அறிஞர் உண்டு. எட்டாம் நூற்றாண்டு என்றும் ஒன்பதாம் நூற்றாண்டு என்றும் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். எப்படியும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை.

நமது இராஜபாளையத்தில் வீட்டினுள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள. அவர்கள் அறிந்து பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளம் என்னும் தலத்தில் தங்கினார். அங்கே ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, வில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையைத் தெலுங்கிலே பாடுமாறு பணித்தான் என்று அவரே தம் காவியத்தில் எழுதினார். அக்காவியத்தின் பெயர் ஆமுக்தமால்யதா. சூடிக் களைந்த மாலையைக் கொடுத்தவள் என்பது அதன் பொருள். தெலுங்கின் ஐம்பெருங் காவியங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. வில்லிபுத்தூரின் வீதியையும் தோட்டத்தையும் மாதரையும் விஷ்ணுசித்தரது விருந்தோம்பலையும் அரசர் அதில் வெகு விரிவாக வருணிக்கின்றார். ஏழு மைல் தொலைவிலுள்ள ஊரின் கதை, நெடுந்தூரத்து மன்னன் கையால் காவியமாயிற்று. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர் என்பது தெரியவில்லை.

இனிக் கொண்டைக்கு வருவோம்.

தமிழர் கூந்தலுக்கு ஐம்பால் என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது பொருள். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என அவற்றை எண்ணுவர். உரைகாரர் சிலர் வேறு பெயரும் கூறுவர். சுருட்டி முடித்தலும், பின்னித் தொங்கவிடுதலும், உச்சியில் கட்டுதலும் யாவும் அதனுள் அடங்கும். ஆகவே ஒருவிதமே பழையது, மற்றவை நடுவில் வந்தவை என்று சாதிப்பதற்கு இடமில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் பெண் தெய்வங்களின் தலை மகுடமாகவும், முடிந்த கொண்டையாகவும் வெவ்வேறு விதமாக அமைந்திருக்கக் காண்கின்றோம். ஒருபுறம் சாய்ந்த பெருங்கொண்டை, விஜயநகர காலத்திலும் நாயக்கர் காலத்திலும் செய்யப்பெற்ற மாதர் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. லேபாக்ஷியின் சுவரோவியங்களைப் பார்த்தோர் இதனை மறவார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஓர் அரண்மனை கட்டினார். அக்காலத்து அரண்மனை மாதரின் நாகரிகம் ஊர்ப் பெண்களிடமும் பரவியிருக்கும் என ஊகிப்பதில் குற்றமில்லை. எட்டாம் நூற்றாண்டுக் கோதை இவ்வண்ணமே முடிந்தாள் என்பதற்குச் சாட்சி வேண்டுமென்று வாதிப்போருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: பக்தர் கண்ணுக்கு அவள் இவ்வண்ணமே தோன்றுகின்றாள், அர்ச்சாவதாரத்தில் சாய்ந்த கொண்டையும் கையிற் கிளியும் இன்றி அவளை எண்ண முடியாது.

அக்கிளியையும் கூறாது விடலாகாது. நாள்தோறும் பச்சிலைகளால் புதிதாகச் செய்யப்படுவது அது. மாதுளம் பூவால் மூக்கு. ஒரு கிளி முடிக்க நான்கு மணி நேரத்திற்கு மேலாகும். மறுநாள் வாடிவிடும், வேறொன்று செய்வர். மார்கழியில் நடக்கும் நீராட்டு உத்ஸவத்தில், பல மூலிகைகள் சேர்த்துப் பன்னாள் காய்ச்சிய தைலத்தால் எண்ணெய்க் காப்பு நிகழும். தலை கோதிச் சிடுக்கு நீக்குதலும் அதில் ஓர் உபசாரம். தலைக்கு எண்ணெய் வைக்கச் சோம்பும் பெண்ணை அழைத்துக் கொண்டு ஒருமுறை அதனைச் சேவித்து வருமாறு தாய்மாருக்குச் சிபாரிசு செய்கின்றோம்; புத்திமதி கூறுவதைவிட அது பயன் தரும்.

கோயிலில் மாறாது நின்ற கொண்டை வீட்டில் மாறிற்று. பின்னல் ஜடையும் குஞ்சலமும் மணப்பெண்ணுக்கு முறையாயின. பள்ளிக்கூடம் சென்ற பெண்களுக்கு இரட்டை ஜடை வந்தது. 1960-ஆம் ஆண்டுகளில் சினிமா நடிகையரைப் பார்த்துச் சவுரி வைத்து உயர்த்திக் கட்டும் கொண்டை பரவிற்று. பின்னர்த் தோளளவு கத்தரிப்பதும் விரித்துவிடுவதும் வழக்கமாயின. ஆண்மக்கள் கதையும் இதுவே. குடுமி போய் கிராப்பு வந்தபோது வீடுதோறும் சண்டை நடந்தது. பிறகு தியாகராஜ பாகவதரின் சிந்தாமணி 1937-லும் ஹரிதாஸ் 1944-லும் வெளிவந்த காலத்தில், பிடரியில் புரளும் பாகவதர் கிராப்பை வாலிபர் விரும்பினர், பெரியோர் நகைத்தனர். அவர் 1959-ல் காலமான பின்னரும், நீண்ட முடி 1970-ஆம் ஆண்டுகளில் வேறு பெயருடன் மீண்டும் வந்தது. இன்றோ குடுமியையே புது நாகரிகமாக முடிந்து திரியும் இளைஞரைக் காண்கின்றோம். அவர்களுடைய கொள்ளுப்பாட்டனார் எதனை வெட்டிக்கொண்டு பெருமை அடைந்தாரோ அதனையே இவர்கள் வளர்த்துப் பெருமை அடைகின்றனர்.

பிற தேசங்களிலும் இவ்வாறே. ஜப்பானில் 1871-ஆம் ஆண்டு அரசாங்க ஆணை ஒன்று ஆடவர் தம் உச்சிக் குடுமியை நீக்கிக் கொள்ள இடம் கொடுத்தது. மல்லர் மட்டும் அதனை இன்றும் விடாது காக்கின்றனர். அந்நாட்டுப் பெண்கள் அன்றாடம் முடிந்த பழைய உயர்கொண்டை அருகிவிட்டது. ஆயினும் முன்னோர் முறைப்படி மணம் புரியும் பெண் அக்கொண்டையைப் பொய்ம்முடியாகவேனும் அன்று ஒருநாள் சூடுகின்றாள். அன்றாட வாழ்வு கைவிட்டதை மங்கல நாள் காப்பாற்றி வைத்திருப்பது நமக்கு மட்டும் உரிய இயல்பன்று.

நம் நாட்டில் சாய்கொண்டையை இடைக்காலத்தில் காத்துக் கொடுத்தவை கோயிலும் நாட்டிய அரங்கும் ஆம். பரத நாட்டியத்தில் ஆண்டாளாக ஆடும் பெண்ணும், மார்கழியில் பள்ளிக்கூடத்து மாறுவேஷப் போட்டிக்குச் செல்லும் சிறுமியும் இதனைத் தரித்தனர். அதற்கென ஆயத்தமாகச் செய்து விற்கும் கொண்டைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அங்கிருந்து மணவறைக்கு அது வந்து சேர்ந்தது. பெரும்பாலும் உள்ளே சவுரியும் மேலே ஊசிகளும் கொண்டு நிறுத்துகின்றனர். தலைமயிர் குறைந்த பெண்ணுக்கு அது வேண்டியதே. நோயினால் கூந்தல் இழந்து தேறி வந்த பெண்ணுக்கு அது பெரிய ஆறுதலும் ஆகும். அதனைப் பொய் என்று இகழ்வோருடன் நாம் சேரோம்.

தெய்வக் கோலத்தை மானிடப் பெண் தரிக்கலாமா என்ற கேள்விக்கு, நாச்சியாரின் சரித்திரமே விடை கூறுகின்றது. தெய்வத்திற்கென்று வைத்ததைத் தானே முதலிற் சூடியவள் அவள். அவள் பெயரால் மற்றொரு பெண்ணைத் தடுப்பது பொருந்துமா? கோலத்தைத் தரிப்பவள் கோதையின் கதையை அறிந்து தரித்தால் நன்று. அறியாது தரித்தாலும் குற்றம் ஒன்றுமில்லை. விலைதான் சற்று உறுத்துகின்றது. மூன்று மணி நேர அலங்காரத்திற்குத் தகப்பனார் கொடுக்கும் தொகையைக் கேட்டால், பொற்கிழி பெற்ற விஷ்ணுசித்தரும் சிறிது யோசித்திருப்பார்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இக்கொண்டையைச் சவுரியும் ஊசியும் இன்றி, கூந்தலைக் கொண்டே முடியத் தெரிந்த கைகள் நம் குடும்பங்களில் இன்னும் சில இருக்கின்றன. எண்ணெய் தடவி வாரி, செவிக்கு மேற்புறமாக ஒருபக்கம் திரட்டி, முறுக்கி, முறுக்கியதைத் தன்மீதே சுற்றி, நுனியை உள்ளே செருகி, பூச்சரத்தால் வளைத்து இறுக்கினால் நாள் முழுவதும் அவிழாது. அக்கைகள் மிகுதியும் பாட்டிமார் கைகள். அப்பாட்டிமாருள் பலர் கணவரை இழந்தவர். விவாக வீட்டில் பெண்ணுக்குத் தலை வாரும் அறையில், சுமங்கலிகள் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று அவர்களை அடுக்களைப்புறம் ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம்மவர் சில இல்லங்களில் இன்றளவும் தீரவில்லை. முற்காலத்தில் சில குலங்களில் கைம்பெண்ணின் தலையையே மழித்தனர். அக்கொடுமை ஒழிந்தது. ஆயின் மலரைத் தொடலாகாது, பெண்ணின் தலையைத் தொடலாகாது என்ற எச்சம் நின்றுவிட்டது. அறியாத அலங்காரக்காரரைப் பொருள் கொடுத்து உள்ளே அழைக்கின்றோம். அறிந்த பாட்டியை வெளியே நிறுத்துகின்றோம்.

எந்தக் கொண்டைக்கு இந்த அறையில் இத்தனை ஆசாரம் காட்டுகின்றோமோ, அந்தக் கொண்டைக்குரியவள் ஆசாரப்படி ஆகாத மாலையைத் தந்தவள். ஓர் இழை மயிரால் அது கழிந்தது என்று தந்தை ஒதுக்கினார். அதுவே வேண்டும் என்று பெருமான் கேட்டான். இச்சரித்திரத்தை ஆண்டுதோறும் மார்கழியில் முப்பது நாளும் கேட்டுவிட்டு, தையில் வரும் முகூர்த்தத்தில் பாட்டியை அடுக்களைக்கு அனுப்புவது எவ்வாறு என்று நமக்கு விளங்கவில்லை. வரும் முகூர்த்தங்களில் நம் சங்கத்து இல்லங்களிலேனும், பேத்தியின் கொண்டையைப் பாட்டி முடியட்டும். முதற் பூவை அவளே வைக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பரோ என்ற அச்சம் பெண் வீட்டாருக்கு உண்டு என்பதை அறிவோம். இருவீட்டாரும் பெரும்பாலும் இப்பத்திரிகையைப் படிப்போரே ஆதலின், இருவருக்குமே இதனைச் சொல்லி வைக்கின்றோம். பாட்டி முடிக்கும்போது அருகில் நின்று இளம்பெண்கள் கற்றுக் கொள்வதும் நலம். அக்கைகள் என்றும் இரா.

நாச்சியார் சூடிக் களைந்த மாலை இன்றும் பயணம் செய்து கொண்டிருக்கின்றது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மதுரை வந்து வைகையில் இறங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை செல்கின்றது. புரட்டாசிப் பிரம்மோத்ஸவத்தில் திருமலையில் கருட சேவையன்று வேங்கடவன் சாற்றிக் கொள்வதற்கு மாலையும் கிளியும் செல்கின்றன. இவ்விரண்டும் ஆண்டுக்கு ஒருமுறை. ஊருக்குள்ளேயோ அது அன்றாடக் காரியம். இரவு நாச்சியார் சூடிய மாலையை மறுநாட் காலையில் எடுத்துச் சென்று வடபத்திரசாயிக்குச் சாற்றுகின்றனர். வைகறையில் நடை திறக்கும் வேளைக்குச் செல்வோர் அதனைச் சேவிக்கலாம்.